கடன் நோக்கம்: ‘நெட்’ – திருப்பூரில் ஒரு வாரக்கூலி வீட்டின் இணைய இணைப்பு

திருப்பூரின் புறநகர்ப் பகுதியில் இயங்கும் எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் நான் ஊக்குநர். 2024 ஆகஸ்டில் ஓர் உறுப்பினர் 3,000 ரூபாய் உள்கடன், அதாவது குழுச் சேமிப்பிலிருந்து தரும் கடன், கேட்டார். மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், தையல் மெஷின் என்றே நிரம்பியிருக்கும் எங்கள் பேரேட்டின் நோக்கப் பத்தியில் அன்றுதான் முதன்முதலாக ‘நெட்’ என்று எழுதினோம். அந்தக் கடனைத் தொடர்ந்து 2025 மார்ச் வரை அந்த வீட்டில் நடந்தவற்றை அவர்களுடைய சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

வீடும் வரவும்

ஆறு வீடுகள் கொண்ட லைன் வீட்டில் நான்காவது வீடு. கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர், எங்கள் உறுப்பினரான மனைவி இன்னொரு கம்பெனியில் செக்கிங். மகள் பி.காம். சி.ஏ. முதலாண்டு, மகன் எட்டாம் வகுப்பு, கூடவே கணவரின் அம்மா, பிள்ளைகளுக்கு அப்பத்தா. இருவருக்கும் சனிக்கிழமைதான் சம்பளம். நல்ல வாரத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து 5,000 வரும், ஆர்டர் மந்தமானால் 3,000. மளிகை, சீட்டு, பழைய பாக்கி என்று அந்தப் பணம் ஞாயிறு மதியத்துக்குள் பாதி கரைந்துவிடும்.

இதற்கு வெளியே மாதத்துக்கு ஒரு முறை வரும் பணமும் இரண்டு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 1,000 ரூபாய், மகளின் அம்மாவான எங்கள் உறுப்பினருக்குக் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய். உரிமைத்தொகை 15ஆம் தேதியை ஒட்டி வங்கிக் கணக்கில் ஏறும். நெட்டை யாரிடம் எடுப்பது என்பதைக் கடைசியில் தீர்மானித்தது இந்தப் பணம்தான். தொடக்கத்தில் நான் இதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் மூன்று ஆண்ட்ராய்டு போன்கள், அப்பத்தாவிடம் ஒரு பட்டன் போன். நெட் எல்லாமே செல்போன் ரீசார்ஜ்தான். மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தின் ஆன்லைன் பாடம், கல்லூரி அசைன்மென்ட், தம்பியின் வீடியோ எல்லாம் மகளுடைய போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடின.

ஜூலைக்குப் பிறகு

2024 ஜூலை 3 முதல் ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடபோன் ஐடியாவும் கட்டணத்தை உயர்த்தின. தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டத்துக்கு இந்த வீட்டில் 239 கொடுத்தது 299 ஆயிற்று. மகள் போட்டுவந்த 2 ஜிபி திட்டம் 299இலிருந்து 349க்குப் போனது. ஒரு ஜிபி கூடுதல் டேட்டா 15 ரூபாயாக இருந்தது, 19 ஆனது.

தினம் 2 ஜிபி திட்டத்தில் இருப்பவர்களுக்கு அப்போது 5ஜி அளவில்லாமல் கிடைத்தது. ஆனால் மகளுடைய போன் 4ஜி. போன் பழையது என்பதற்காக, அதே 349 கொடுத்தும் இவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது.

மூன்று போனுக்கும் 777 ஆகிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 947. “நூத்தி எழுவது ரூபாய்தானுங்க ஏறுச்சு, அதுக்கா இவ்ளோ?” என்று கணவர் கேட்டார். அவர் கணக்கில் அவ்வளவுதான். மகளின் போனை வாங்கி யூபிஐ வரலாற்றைத் தள்ளிக்கொண்டே போனோம். 19, 19, மளிகைக்கடை 140, மறுபடி 19. நான்கு வாரத்தில் பன்னிரண்டு முறை 19. அதாவது 228 ரூபாய். அதில் ஏழு, இரவு ஒன்பது மணிக்கு மேல் போட்டவை. அந்த நேரத்தில் நாள் கோட்டா தீர்ந்துவிடும், அசைன்மென்ட் பாதியில் நிற்கும். அப்பத்தாவின் போனுக்கு 199 போடுவதை ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் என்று வைத்திருந்தார்கள். சராசரியாக 100. எல்லாம் சேர்த்தால் 28 நாளுக்கு 1,275 ரூபாய்.

அம்மா அந்தத் தொகையை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். “நெட்டுக்கு இவ்ளோ போகுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க்கா” என்றார். எப்படித் தெரியும்? ஒரே தடவையில் நூறு ரூபாயைத் தாண்டிய நெட் செலவு அந்த வீட்டில் மாதத்துக்கு மூன்று நான்குதான்.

28 நாள் திட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருடத்துக்கு 12 மாதம் இருக்க 13 ரீசார்ஜ் போட வைக்கிறார்கள் என்ற புகார் பழையது. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவே போட்டது. நானும் அப்படிப் புலம்பியவள்தான். இந்த வீட்டில் அதைப் புலம்பலாக யாரும் சொல்லவில்லை. 28 நாள் என்றால் சரியாக நான்கு வாரம். ஞாயிறு போட்ட ரீசார்ஜ் சனிக்கிழமை இரவு, சம்பளம் கையில் இருக்கும்போது முடியும். மாதத் தேதி அவர்களுக்குத்தான் இடைஞ்சல். 30ஆம் தேதி புதன்கிழமை வந்தால் கையில் என்ன இருக்கும்?

மூன்று வழிகள்

வீட்டுக்கே வயர் இழுத்துத் தரும் ஃபைபர் இணைப்பு எடுப்பது என்று மகள்தான் பேச்சைத் தொடங்கினார். விசாரித்ததில் மூன்று வழிகள் தெரிந்தன.

ஒரு பெரிய நிறுவனத்தில் 30 எம்பிபிஎஸ் வேக இணைப்பு மாதம் 399 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471. மாதாமாதம் கட்டினால் இணைப்புக் கட்டணம் 1,000. ஆறு மாதத்துக்கு முன்பணமாக 2,825 கட்டிவிட்டால் அந்த ஆயிரம் கிடையாது. அம்மா 3,000 கடன் கேட்டது இதற்காகத்தான்.

மொட்டை மாடியில் பெட்டி வைத்து வயரில்லாமல் தரும் இணைப்பு இன்னொன்று. 599க்கு வரியோடு 707. மாடி வீட்டு ஓனருடையது, விலையும் கூடுதல். அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

மூன்றாவது, அந்தத் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுக்கும் அண்ணன். அவரும் ஃபைபர் இழுத்துத் தருகிறார். வரியோடு மாதம் 450, வைஃபை பெட்டிக்கு 1,800.

ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினேன். முதல் வருடச் செலவு பெரிய நிறுவனத்தில் 5,650, கேபிள்காரரிடம் 7,200. வித்தியாசம் 1,550. ‘இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கடனை வாங்கி ஆறு மாதப் பணத்தைக் கட்டிவிடுங்கள்’ என்றேன்.

மூன்று நாள் கழித்து வந்து, கேபிள்கார அண்ணனிடமே எடுப்பதாகச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கணக்குத் தெரியாமல் ஏமாறுகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் சொன்ன காரணங்களை அன்றே நோட்டில் எழுதிவைத்தேன். இப்போது படித்தால் என் கட்டத்தைவிட அவை தெளிவாக இருக்கின்றன. கேபிள்காரர் பெட்டிப் பணத்தை மூன்று தவணையாக வாங்கிக்கொள்கிறார், தவணைக்கு 600. கணவருக்கு வேலை இல்லாத மாதம் வந்தால் நிறுத்தி வைக்கலாம், மறுபடி இணைப்புக் கொடுக்கத் தனியாகப் பணம் கேட்கமாட்டார். முன்பணம் கட்டிய இடத்தில் வீடு மாறினால் என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்ல அந்த ஏரியாவில் ஆள் இல்லை. இவரோ சைக்கிள் தூரத்தில் இருப்பவர். கணவர் ஒரே வரியில் சொன்னார்: “ஆறு மாசம் கழிச்சு எந்தக் கம்பெனில இருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க, ஆறு மாசத்துக்கு நெட்டுக்குக் கட்டச் சொல்றீங்க.”

பிறகு தேதி. ‘பதினாறாம் தேதி வந்து வாங்கிக்கறேன்’ என்று கேபிள்காரர் ஒத்துக்கொண்டார். 15ஆம் தேதி உரிமைத்தொகை வந்திருக்கும். மகள் தன் புதுமைப்பெண் பணத்திலிருந்து தருகிறேன் என்று முன்வந்தபோது, “புள்ளை காசுல நெட்டுப் போடறதா” என்று அப்பா மறுத்துவிட்டார். அம்மாவின் பணத்துக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

குழுக் கூட்டம்

கேபிள்காரர் என்று முடிவானதும் கடன் 1,500 போதும் என்று அம்மா சொன்னார். முதல் தவணை 600, முதல் மாதம் 450, பெட்டிக்கு அருகில் பிளக் பாயிண்ட் வைக்க எலக்ட்ரீஷியனுக்கு 350. ஆக 1,400.

கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. ‘இன்னிக்கு நெட்டு, நாளைக்கு டிவியா?’ என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. குழுப் பணம் பதினான்கு பேர் சேமிப்பு. மகளின் ஆன்லைன் பாட அட்டவணையையும், பன்னிரண்டு 19 ரூபாயையும் காட்டிய பிறகு தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 300 வீதம் ஐந்து தவணை. அவர் கட்டிய மொத்த வட்டி 45 ரூபாய்.

வயர் வந்த நாள்

வீட்டு ஓனரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். செப்டம்பர் 16 அன்று கேபிள் பையன் டிரில்லிங் மெஷினோடு சுவரில் கை வைத்தபோது முன்வீட்டிலிருந்து ஓனர் வந்துவிட்டார். சுவரில் ஓட்டை போடக் கூடாது. அரை மணி நேரம் பேசி, ஜன்னலுக்கு மேலிருக்கும் வென்டிலேட்டர் வழியாக வயரை விடலாம் என்று முடிந்தது. போகும்போது திரும்பி, “பாஸ்வேர்டை எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க” என்றார்.

எந்த நிறுவனத்தின் கட்டணப் பட்டியலிலும் இல்லாத செலவு அது. மறுக்க முடியுமா? இரண்டு மாதத்தில் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை

மகளின் படிப்பு சீரானது. நாள் கோட்டா தீருமுன் ஓடி முடிக்க வேண்டிய அவசரம் இல்லை. தம்பியின் வீடியோ நேரம் கூடியது. இரவு ஒன்பதரைக்கு அம்மா பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுவார். மகள் படிக்க வேண்டியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. கேபிள் டிவியை நிறுத்திவிடலாமே என்று கேட்டேன். அவர்கள் டிவி பழையது, நெட்டில் ஓடாது, அப்பத்தாவுக்குச் சீரியல் வேண்டும். அந்தச் செலவு அப்படியே நின்றது.

ஃபைபர் கட்டுப்படியாக வேண்டுமென்றால் செல்போன் ரீசார்ஜ் குறைய வேண்டும். செயலியின் முதல் பக்கத்தில் கண்ணில் படாத ஒரு 189 ரூபாய்த் திட்டத்தை மகள் தேடி எடுத்தார். 28 நாளுக்கு மொத்தம் 2 ஜிபி, பேச்சு அளவில்லாமல். அம்மாவும் மகளும் அதற்கு மாறினார்கள். கணவர் 299லேயே இருந்தார். கம்பெனியில் டீ நேரத்தில் கிரிக்கெட் பார்க்க வேண்டும், அது அவருடைய ஒரே பொழுதுபோக்கு என்றார்கள். நானும் சரி என்றேன்.

அந்த மூன்று மாதத்தில் 28 நாள் கணக்கு இப்படி இருந்தது. ரீசார்ஜ் 677, எப்போதாவது போடும் 19 ரூபாய் டேட்டா 57, அப்பத்தா 100. ஆக 834. ஃபைபரின் 450ஐ 28 நாளுக்கு மாற்றினால் 415. மொத்தம் 1,249. ஆகஸ்டைவிட 26 ரூபாய் குறைவு. மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே பணத்துக்கு வீட்டில் நெட் தட்டுப்பாடில்லாமல் இருந்தது.

இதற்கிடையில் பாஸ்வேர்டு பரவியது. பக்கத்து வீட்டு அம்மா மாதம் 100 தருகிறேன் என்றார். இவர் பணம் வேண்டாமென்று சும்மாவே கொடுத்தார். அக்டோபரில் நான்கு வீட்டுப் போன்கள் அந்த ஒரு பெட்டியில் இருந்தன. மாலை ஏழு மணிக்கு மகளின் பாடம் சுற்றிக்கொண்டே நிற்கும். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ, அதில் யார் என்ன செய்தாலும் முதலில் விசாரிப்பது அவரைத்தான் என்று நான் சொன்னேன். மகள் பாஸ்வேர்டை மாற்றினார். ஓனருக்குப் புதியது போனது, மற்றவர்களுக்குப் போகவில்லை. ஒரு மாதம் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. நல்லதண்ணி பிடிக்கும் முறையில்கூட அது தெரிந்தது.

அக்டோபர் 31 தீபாவளி. போனஸில் பெட்டியின் கடைசித் தவணை முடிந்தது.

யாருடைய டேட்டாவைக் குறைத்தோம்

நவம்பரில் ஒரு மழை நாள். மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள், தகவல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அம்மா கம்பெனியில் இருந்தார். அவருடைய 2 ஜிபி நான்கு நாளுக்கு முன்பே தீர்ந்திருந்தது. அவர் எதையும் பார்த்துத் தீர்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்கள் தாமாக இறங்குவதை யாரும் அணைத்து வைக்கவில்லை. அப்பத்தா உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார், வீடு பூட்டியிருந்தது. பையன் இரண்டு மணி நேரம் நனைந்த சட்டையோடு இருந்தான். அவனை உள்ளே கூப்பிட்டுத் துண்டும் சோறும் கொடுத்தது, பாஸ்வேர்டு கிடைக்காத அதே பக்கத்து வீட்டு அம்மா.

ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வந்துதான் அம்மாவுக்குத் தகவல் தெரிந்தது. அந்த வாரக் கூட்டத்தில் அவர் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். பள்ளிக் குழு, கம்பெனியின் ஷிப்ட் குழு, எங்கள் குழு மூன்றும் வருவது அவர் போனில்தான். வீட்டில் வைஃபை வந்ததால் அவர் ரீசார்ஜைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்தபோது, அவர் பன்னிரண்டு மணி நேரம் வீட்டில் இல்லை என்பதை அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவரும் சொல்லவில்லை. நானும் அந்த மேஜையில் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் 299க்குத் திரும்பினார். பக்கத்து வீட்டுக்குப் பாஸ்வேர்டு மறுபடி போனது, இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை பயன்படுத்துவதில்லை என்ற பேச்சோடு. மொத்தச் செலவு 1,359. ஆகஸ்டைவிட 84 ரூபாய் அதிகம்.

ஜனவரி முதல் மார்ச் வரை

டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. ஜனவரியில் அப்படிப்பட்ட திட்டங்கள் வந்தன. அப்பத்தாவுக்குப் பொருந்தியது 84 நாளுக்கு 469. மூன்று முறை 199 போட்டால் 597 ஆகும், இது தெளிவாக லாபம். ஆனால் 469ஐ ஒரே சனிக்கிழமையில் எடுக்க வேண்டும். ஜனவரியில் முடியவில்லை. பிப்ரவரியில் உரிமைத்தொகையில் 450 ஃபைபருக்குப் போக மீதி 550 இருந்ததில் போட்டார்கள். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் உயிரோடிருந்த அப்பத்தாவின் போன் இப்போது எப்போதும் அடிக்கிறது. 28 நாளுக்கு 156 என்று இந்தச் செலவும் ஏறி, மொத்தம் 1,415.

மாதாந்திர மின்தடை நாளில் பெட்டி படுத்துவிடும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கலாமா என்று பேசினார்கள், வாங்கவில்லை. இரண்டு முறை வயர் அறுந்தது. இரண்டு முறையும் கேபிள் பையன் அன்று மாலையே வந்து ஒட்டிவிட்டுப் போனான்.

மார்ச்சில் கணவரின் கம்பெனியில் மூன்று வாரம் வேலை குறைந்தது. 16ஆம் தேதி ஃபைபர் பணம் வழக்கம்போலப் போனது. கணவரின் 299 ஐந்து நாள் தள்ளிப்போனது. இதற்கு முன் பணம் தட்டினால் தள்ளிப்போடுவது அம்மாவின் ரீசார்ஜைத்தான். இந்தத் தடவை கணவரே, “எனக்கு அப்புறம் போட்டுக்கலாம்” என்றார்.

மறுபடி செய்வதானால்

என் கட்டத்தில் தவறான எண் எதுவும் இல்லை. 1,550 ரூபாய் அதிகம் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் மார்ச்சை வைத்துப் பார்த்தால் எனக்கு இப்படித் தோன்றுகிறது: முன்பணத் திட்டம் எடுத்திருந்தால் செப்டம்பரில் கட்டிய ஆறு மாதம் முடிந்து, அடுத்த 2,825 சரியாக அந்த வேலையில்லா மூன்று வாரத்தில் வந்து நின்றிருக்கும். மாதாமாதம் கட்டுவதற்கு மாறியிருக்கலாம் என்று சொல்லலாம். அதற்கும் ஒரு தேதி இருந்திருக்கும், அது அவர்கள் சொன்ன தேதியாக இருந்திருக்காது. முதல் சந்திப்பிலேயே எவ்வளவு வருகிறது என்று கேட்ட நான், எந்தக் கிழமை, யார் கைக்கு வருகிறது என்றும் கேட்டிருக்க வேண்டும்.

ரீசார்ஜைக் குறைக்கும் பேச்சை வீட்டிலிருப்போர் ஒவ்வொருவரும் வெளியே எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்திருந்தால் முதலில் கணவரும் மனைவியும் 299லேயே நின்றிருப்பார்கள், மகள் மட்டும் மாறியிருப்பார். தாமாக இறங்கும் வீடியோக்களை முதல் நாளே அணைத்திருக்கலாம், அது காசில்லாத வேலை. ஓனரிடம் கடன் எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பாஸ்வேர்டு விஷயத்தில் என் கருத்து இன்னும் மாறவில்லை, சட்டப்படி அது ஆபத்துதான். ஆனால் அந்த மழை நாளுக்குப் பிறகு அதை உரக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

2025 ஏப்ரலில் இன்னோர் உறுப்பினர் ‘நெட்’ என்று 3,000 கேட்டார். அவர் வீட்டுக்காரர் மில்லில் மாதச் சம்பளக்காரர், சொந்த வீடு. ஆறு மாத முன்பணத் திட்டம் அவர்களுக்குப் பொருந்தும் போலிருந்தது. சம்பளத் தேதியையும், வீட்டில் யார் யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னோம்.